ஹந்தானைக்கு மேலும் கீழும்

(கண்டியில் பழைய மாணவர் ஒன்றுகூடலொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டில் தொழில் பார்க்கும் நம்மவர்கள் தங்கள் படிப்பையும் அனுபவத்தையும் சம்பளம் வாங்காமல் ஊருக்குத் தருவது பற்றிப் பேசச் சொன்னார்கள். இப்படியொரு தலைப்புக் கிடைத்தால் பேச்சாளர்கள் நேரே கொரியாவுக்கு விமானம் ஏறிவிடுவார்கள். நானும் போவேன், ஆனால் பிறகு. முதலில் இந்த மண்டபத்திலிருந்து ஆட்டோவில் போய்விடக்கூடிய ஹந்தானை வீதிக்குப் போவோம்.

அங்கே தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அதன் வாசலைக் கடந்து போகாத கண்டிக்காரர் இல்லை. உள்ளே போனவர்கள்தான் குறைவு. 1981ஆம் ஆண்டின் 55ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நிறுவகம் அது. கொழும்பில் கால்கொண்டு பின்பு கண்டிக்கு வந்தது. முதல் பணிப்பாளர் சந்திரா விக்கிரமசிங்க. கொழும்பு ரோயல் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் பிரெட் ஹொயிலிடம் ஆய்வு செய்து, வேல்ஸின் கார்டிஃப் நகரில் பேராசிரியராக இருந்தவர். அவருக்குப் பிறகு 1984இல் பொறுப்பேற்றவர் சிறில் பொன்னம்பெரும.

பொன்னம்பெருமவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். காலியில் 1923இல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பிறகு லண்டனில் ஜே. டி. பெர்னாலிடமும், கலிபோர்னியாவில் மெல்வின் கல்வினிடமும் இரசாயனவியல் கற்றார். பூமியில் உயிர் எப்படித் தோன்றியது என்பதுதான் அவருடைய வாழ்நாள் கேள்வி. நாசாவில் இருந்தபோது, 1969இல் அவுஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் விழுந்த விண்கல்லை ஆராய்ந்து, அதற்குள் அமினோ அமிலங்கள் இருப்பதை உலகுக்குக் காட்டியது அவருடைய குழு. சந்திரனிலிருந்து அப்பலோ விண்கலங்கள் கொண்டுவந்த மண்ணும் அவர் ஆய்வுகூடத்துக்குப் போனது. அப்படிப்பட்டவர் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகப் பதவியையும் விடாமல் கண்டி நிறுவகத்தையும் ஏறத்தாழ ஆறு வருடம் பார்த்துக்கொண்டார்.

அது எப்படிப்பட்ட ஆறு வருடம் என்று இங்கிருக்கும் வயதானவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வடக்கில் போர். 1987 முதல் 1989 வரை தெற்கில் கிளர்ச்சி. பல்கலைக்கழகங்கள் மூடிக்கிடந்தன. பேராதனையில் மாணவர்கள் காணாமற்போனார்கள், கொல்லப்பட்டார்கள். ஊர் அப்படி இருந்தபோது, சோறில்லாத நாட்டுக்கு உயிரின் தோற்றத்தை ஆராயும் நிறுவகம் எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேள்வி நியாயமானதுதான். நானும் ஒருகாலத்தில் அந்தக் கட்சி. இன்று அதற்குப் பதில் சொல்லச் சொன்னால், பொன்னம்பெரும போன பிறகு அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள் என்பேன்.

கீர்த்தி தென்னக்கோன் அங்கே இருந்தார். சாயமூட்டிய சூரியக் கலங்களில் திரவத்துக்குப் பதில் திண்மப் பொருளை வைத்து இயக்கிக் காட்டிய ஆரம்ப வேலை 1990களில் அவருடைய குழுவிடமிருந்து வந்தது. இன்றைக்கும் அந்தத் துறையில் எழுதுபவர்கள் கண்டியைக் குறிப்பிடாமல் போவதில்லை. குலசூரிய இருந்தார். காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் சோயாவுக்குக் கொடுக்கும் பற்றீரியாவை விவசாயியின் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார், யூரியாச் செலவு குறைந்தது. காமினி செனவிரத்ன நுண்ணுயிர்ப் படலத்தால் செய்த உயிர்ப்பசளையைத் தேயிலைக்கும் நெல்லுக்கும் போட்டுப் பார்த்தார். உயிரின் தோற்றத்தையா இவர்கள் ஆராய்ந்தார்கள்? இல்லை. வெளியிலிருந்து வந்த பெரியவரின் கேள்வி அவரோடு போய்விட்டது. சட்டம், கட்டடம், ஆய்வுகூடம், வெளிநாட்டுத் தொடர்பு ஆகியவற்றை அவரும் அவருக்கு முன்னவரும் ஏற்படுத்திக் கொடுத்தார்கள். அதற்குள் இருந்துகொண்டு இந்த மண்ணின் கேள்விகளைக் கேட்டவர்கள் இங்கேயே இருந்தவர்கள். வெளிநாட்டு நிபுணரின் வருகையை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இது ஒன்றுதான். அவர் விமானம் ஏறிய பிறகு இங்கே இருப்பவர் யார், அவர் கையில் என்ன இருக்கிறது?

இந்த அளவுகோலோடு பேராதனைக்கு வருவோம். பொறியியல் பீடத்தில் பேராசிரியர் அ. துரைராசாவிடம் படித்தவர்கள் இந்த அவையில் இருக்கக்கூடும். வடமராட்சியிலிருந்து வந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, கேம்பிரிட்ஜுக்குப் போனவர். களிமண் சுமையின் கீழ் எப்படி நெகிழ்ந்து இடம்கொடுக்கிறது என்பது பற்றி ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராசா என்ற மூவர் பெயரில் 1963இல் வந்த ஆய்வுக்கட்டுரை மண் பொறியியலுக்கு அடித்தளங்களில் ஒன்று. கேம் களிமண் (Cam Clay) மாதிரி என்று இன்று உலகத்தின் எந்தப் பொறியியல் மாணவனும் படிப்பது அங்கிருந்து வளர்ந்ததுதான். அந்த வயதில், அந்தப் பெயரோடு, அவர் எங்கே வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். நாடு திரும்பினார், பேராதனையில் பீடாதிபதியானார். 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் போய்வந்த துணைவேந்தர். 1994 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார், அந்த வருடமே இறந்தார்.

இப்போது வெளிநாட்டில் பெரிய பாலங்களுக்கும் அணைகளுக்கும் அத்திவாரம் போடும் நம்மவர்களில் பலர் அவருடைய மாணவர்கள், அல்லது அவருடைய மாணவர்களின் மாணவர்கள். அவர்கள் இரண்டு வாரம் வந்து ஒரு விரிவுரை செய்தால் பயன் உண்டா என்று கேட்டால், அவர்களை வரவேற்று உட்காரவைத்து, 'இந்த இடத்தில் எங்களுக்குச் சிக்கல், இதைச் சொல்லுங்கள்' என்று கேட்கத் தெரிந்த ஒரு துரைராசா அந்தத் துறையில் இருந்தால் உண்டு என்பதே பதில். இல்லாவிட்டால் குத்துவிளக்கு ஏற்றலாம், பொன்னாடை போர்த்தலாம். அதில் அரை நாள் போகும். மீதி அரை நாள் நன்றியுரைக்குப் போகும். (கைதட்டாதீர்கள், இந்தக் கூட்டத்திலும் நன்றியுரை இருக்கிறது.)

ஒரு விஷயத்தை மறைத்துப் பேச முடியாது. பேராதனையில் படித்த தமிழர்கள் வெளிநாட்டில் இருப்பதற்கும், மற்றவர்கள் இருப்பதற்கும் எப்போதும் ஒரே காரணம் இல்லை. 1983 மே மாதம் பேராதனை வளாகத்தில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். ஆடியில் கண்டி நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தன. அந்த வருடம் கொப்பியையும் சான்றிதழையும் தூக்கிக்கொண்டு போனவர்களைப் பார்த்து, 'இலவசக் கல்வி தந்த நாட்டுக்குத் திருப்பித் தாருங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படிப் போனவர்களில் சிலர் பிறகு தாங்களாகவே திரும்பி வந்து வார்டில் நின்றிருக்கிறார்கள், வகுப்பெடுத்திருக்கிறார்கள். அதற்கு நாம் நன்றி சொல்லலாம், உரிமை கொண்டாட முடியாது.

2022இல் போனவர்களின் கதை வேறு. அந்த ஒரு வருடத்தில் மாத்திரம் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்கென்று பதிந்துவிட்டுப் போனார்கள். அரசாங்கமே சுற்றறிக்கை விட்டு, அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாம் என்றது. மூளைசாலிகள் வெளியேறுகிறார்கள் என்று அறுபதுகளிலிருந்து அழுதுவந்த நாடு, டொலருக்காகக் கதவைத் தானே திறந்துவிட்டது.

அதே 2022இன் மார்ச் இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் முன்கூட்டியே நாள் குறித்த சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தார்கள். மருந்து இல்லை. அப்போது கொழும்பில் இருந்த இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் செய்தியைப் பார்த்து, எப்படி உதவலாம் என்று கேட்கும்படி தங்கள் உயர்ஸ்தானிகரிடம் பகிரங்கமாகச் சொன்னார். நமக்கு அது வெட்கம் கலந்த ஆறுதல். வெட்கம் ஏன் என்றால், அதே பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர்தான் சேனக்க பிபிலே. ஆயிரக்கணக்கான வணிகப் பெயர்களில் விற்ற மருந்துகளைச் சில நூறாகக் குறைத்து, மருந்தின் உண்மைப் பெயரில் மொத்தமாகக் கேள்விப்பத்திரம் போட்டு வாங்கினால் ஏழை நாடும் தாக்குப்பிடிக்கும் என்று காட்டியவர். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அதற்காகத்தான் பிறந்தது. பிற நாடுகளுக்கும் அந்த வழியைச் சொல்லிக்கொடுக்க ஐக்கிய நாடுகளின் பணியில் போன இடத்தில், 1977இல் கயானாவில் இறந்துபோனார். நிபுணத்துவத்தை ஏற்றுமதி செய்த ஊர் இது.

அந்த நெருக்கடியில் வெளிநாட்டிலிருந்த நம் வைத்தியர்கள் பெட்டி பெட்டியாக மருந்து அனுப்பினார்கள். பல உயிர் பிழைத்தது. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மருந்து நன்கொடைக்கு உலக சுகாதார நிறுவனம் 1996லேயே விதி எழுதி வைத்திருக்கிறது. கேட்ட மருந்தை அனுப்பு, வந்துசேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது ஆயுள் இருக்கவேண்டும், பெறுகிறவருக்குப் புரியும் மொழியில் பெயர் இருக்கவேண்டும். ஏன் இப்படி எழுதவேண்டி வந்தது? அனுப்புகிறவர் தன்னிடம் மிஞ்சியதை அனுப்புவார். மனித சுபாவம்.

கருவிகளில் இது இன்னும் மோசம். ஒரு வைத்தியசாலையின் பெயரைச் சொல்லாமல் சொல்கிறேன். வார்டின் மூலையில் வெள்ளைத் துணி போர்த்தி ஒரு இயந்திரம் நின்றது. அமெரிக்காவில் இருக்கும் ஒரு நல்ல மனிதர், சொந்தக் காசில் கப்பல் கூலியும் கட்டி அனுப்பியது. அது 110 வோல்ட்டில், 60 ஹேர்ட்ஸில் ஓடுவது. நம்முடைய சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இறக்கு மின்மாற்றி ஒன்று தேடி வாங்கினார்கள். ஓடியது. பிறகு அதற்குள் போடும் இரசாயனப் பொதி முடிந்தது. அது இயந்திரத்தைச் செய்த கொம்பனியிடம் மாத்திரம் கிடைப்பது, இங்கே அதற்கு முகவர் இல்லை. துணியைத் தூக்கிக் காட்டிய தாதி சொன்னார்: "ஐயா, துடைச்சு வைக்கிறோம். அவர் அடுத்த முறை வந்தா பார்ப்பார்தானே." அந்தத் துணி சலவைக்குப் போய் வந்து மடிப்புக் கலையாமல் இருந்தது. நன்றிக்கடனுக்கு நம் ஆட்கள் அவ்வளவு பெறுமதி கொடுப்பார்கள். அனுப்பியவர் அனுப்புமுன் தொலைபேசி எடுத்து, 'உங்களிடம் எது பழுதாகிக் கிடக்கிறது?' என்று மாத்திரம் கேட்டிருந்தால், அந்தக் காசின் ஒரு பங்கில் உள்ளூர் இயந்திரங்கள் இரண்டைத் திருத்தியிருக்கலாம்.

இலவசமாக வரும் நிபுணரும் இலவசமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் பத்து நாள் வருகிறார் என்றால் அவருக்கு மயக்கமருந்து வைத்தியர் வேண்டும், தாதியர் வேண்டும், சத்திரசிகிச்சைக் கூடத்தில் நேரம் வேண்டும். அது எல்லாம் உள்ளூர் வைத்தியரின் நோயாளிகளிடமிருந்து எடுத்த நேரம். மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவுக்கு யாரோ ஒருவர் கடதாசி கொண்டு அலையவேண்டும். அவர் போன பிறகு காயம் சீழ்பிடித்தால் பார்க்கவேண்டியவர் இங்கிருப்பவர். ஆகவே பத்து நாளில் ஐம்பது பேருக்கு வெட்டித் தைத்துவிட்டுப் போகிறவரை விட, ஐந்து பேருக்குச் செய்து, ஆறாவது ஆளை உள்ளூர் வைத்தியர் செய்ய, பக்கத்தில் கைகட்டி நிற்கிறவரையே நான் அதிகம் மதிப்பேன். 2017இல் இலங்கையின் முதல் இருதய மாற்றுச் சிகிச்சை நடந்தது கண்டி வைத்தியசாலையில். செய்தவர்கள் இங்கே சம்பளம் வாங்கி வேலை செய்கிற நம் வைத்தியர்கள்.

சரி, கொரியா. 1966இல் தென்கொரியா ஓர் ஆய்வு நிறுவகத்தைத் தொடங்கி வெளிநாடுகளில் இருந்த கொரிய விஞ்ஞானிகளைத் திருப்பி அழைத்தது. தேசபக்தியை மாத்திரம் நம்பவில்லை. உள்ளூர்ப் பேராசிரியர்களை விடக் கூடிய சம்பளம், வீடு, ஆய்வுச் சுதந்திரம் எல்லாம் கொடுத்தது. அது முழுநேரத் திரும்பல். தொண்டூழியம் என்று சொல்ல முடியாது. தொண்டூழியத்துக்கு ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் 1977இல் துருக்கியில் ஒரு வழி கண்டது. வெளிநாட்டில் வேலை செய்யும் துருக்கியர் சில வாரமோ சில மாதமோ தாயகம் வந்து வேலை செய்வார். விமானச் செலவும் தங்கும் செலவும் தருவார்கள், சம்பளம் இல்லை. பிறகு இந்தியா, பலஸ்தீனம் என்று பல நாடுகளுக்குப் பரவியது. அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம், கோரிக்கை உள்ளூர் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வரவேண்டும் என்பது. 'நான் வரட்டுமா' என்று அவர் கேட்பதில் தொடங்காமல், 'எங்களுக்கு இது வேண்டும், யார் இருக்கிறீர்கள்' என்று இவர் கேட்பதில் தொடங்குகிறது.

பாகிஸ்தானிய விஞ்ஞானி அப்துஸ் சலாம் இதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தார். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு லாகூருக்குத் திரும்பியவர், பௌதிகவியல் பேச ஓர் ஆளில்லாமல் தவித்து 1954இல் மறுபடி இங்கிலாந்து போனார். அந்தத் தவிப்பு மற்றவருக்கு வரக்கூடாது என்று 1964இல் இத்தாலியின் டிரியெஸ்டே நகரில் ஒரு மையத்தை நிறுவினார். வளரும் நாடுகளின் விஞ்ஞானிகள் தம் நாட்டில் வேலையை வைத்துக்கொண்டே, சில வருடங்களுக்கு இடையில் அங்கே சில வாரம் போய் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். வெளியிலிருந்து வருகிறவரை அனுப்புவதை விட, இருப்பவரை விழாமல் தாங்குவது மலிவு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நோபல் பரிசு வாங்கிய மூளைக்கு விளங்கியது நம்முடைய திட்டமிடல் அமைச்சுகளுக்கு இன்னும் விளங்கவில்லை.

இந்த ஊருக்கு நூற்றுச்சொச்சம் வருடத்துக்கு முன் வந்த ஒரு விருந்தாளியைச் சொல்லாவிட்டால் என் பேச்சு முழுமையாகாது. ஆனந்த குமாரசுவாமி. தந்தை முத்துக்குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயர். தந்தை 1879இல் இறந்தபோது பிள்ளைக்கு இரண்டு வயது முடியவில்லை. இங்கிலாந்தில் வளர்ந்து, புவிச்சரிதவியல் கற்று, 1903இல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பணியின் தலைவராக வந்தார். வேலை, கல்லைத் தட்டிப் பார்ப்பது. தோரியனைட் என்ற புதிய கனியத்தை அடையாளம் கண்டதில் அவருக்குப் பங்கு உண்டு. அந்த வேலையாகக் கண்டியைச் சூழ்ந்த கிராமங்களில் அலையும்போது பித்தளை வார்ப்பவரையும், பாய் நெய்பவரையும், சுவரில் சித்திரம் எழுதுபவரையும் கண்டார். அந்தத் தொழில்கள் செத்துக்கொண்டிருந்தன. சம்பளத்துக்குச் செய்யாத வேலையைத் தொடங்கினார். எப்படி வார்க்கிறாய், என்ன மெழுகு, எந்த இலைச் சாயம் என்று அந்த மனிதர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். மனைவி எதெல் புகைப்படம் எடுத்தார். 1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, பழைய கட்டடங்களைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டார். மத்தியகாலச் சிங்களக் கலை என்ற அவருடைய பெரிய நூல் 1908இல், கையச்சில், 425 பிரதிகள் மாத்திரம் வந்தது.

இந்த மனிதரிடம் எனக்குப் பிடித்தது, லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானக் கலாநிதி ஒருவர் பித்தளைத் தொழிலாளியின் பட்டறையில் மாணவனாக உட்கார்ந்தது. வந்த அறிவு பேசுமுன் கேட்டது. இப்போதைய சில ஆய்வாளர்களைப் பாருங்கள். சிறுநீரக நோய் என்று வருவார்கள், இரத்தம் எடுப்பார்கள், கிணற்றுத் தண்ணீர் எடுப்பார்கள், போய்விடுவார்கள். இரத்தம் கொடுத்த விவசாயிக்கு முடிவு என்ன என்று ஒரு தபாலட்டை வருவதில்லை.

இனி ஹந்தானைக்கு மேலே. பேராதனையிலும் ஹந்தானை வீதியிலும் இருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிவது மலைத்தொடர். மலையில் தேயிலை. தேயிலைக்கு நடுவில் தொழிலாளர் வாழும் லயம். 1925இல் கட்டிய ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை இப்போது தேயிலை நூதனசாலை. வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய், மேல்மாடியில் தேநீர் குடித்து, படம் எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் முதன்முதல் வணிகத்துக்காகத் தேயிலை நட்ட லூல்கந்துர தோட்டமும் இதே கண்டி மாவட்டம்தான். அதற்கும் முன்பு, கோப்பிக் காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் நடந்து வந்து வேலைக்குச் சேர்ந்த இடங்கள் கம்பளைப் பக்கம். 2023இல் அந்த வருகையின் 200 வருடத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள்.

இலவசக் கல்வி 1945இல் வந்தது. அதற்குக் காசு எங்கிருந்து வந்தது? பெருமளவு தேயிலையிலிருந்து. அந்தத் தேயிலையைக் கொய்தவளின் பிள்ளைக்கு அந்த இலவசக் கல்வி கிடைத்ததா? தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே எழுபதுகளில்தான். அதுவரை ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு. ஆகவே திருப்பித் தருவது பற்றி யாராவது பேசினால், நாட்டுக்கு என்று பொதுவாகச் சொல்லவேண்டாம். பேராதனையில் படித்த எவரும், சிங்களவரோ தமிழரோ முஸ்லிமோ, 83இல் ஓடினவரோ 2022இல் போனவரோ, தாங்கள் படிக்கும் காலத்தில் ஜன்னலால் பார்த்த அந்த லயத்துக்கு ஏதோ கொஞ்சம் பாக்கி வைத்திருக்கிறோம். இதில் நானும் சேர்த்தி.

இன்று அங்கே பாடசாலை இருக்கிறது. பத்தனையில் ஜெர்மன் உதவியோடு எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வருடந்தோறும் ஆசிரியர்களை அனுப்புகிறது. பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளும் கூடியிருக்கிறார்கள். பெரும்பாலும் கலைத்துறைக்கு. தமிழ் மொழியில் உயர்தரக் கணிதமும் விஞ்ஞானமும் நடத்தும் பாடசாலைகள் மலையகத்தில் விரல்விட்டு எண்ணும் நிலையில்தான். நடத்தும் இடத்திலும் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருந்தால் இரசாயனவியலுக்கு இல்லை. ஓர் ஆசிரியர் மீற்றர் பாலத்தைக் கரும்பலகையில் சோக்கால் வரைந்து, சோக்குத் துண்டையே தொடுசாவியாக நகர்த்திக் காட்டி, 'இந்த இடத்தில் கல்வனோமானி பூச்சியத்துக்கு வரும்' என்று சொல்லிக்கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் பூச்சியம் என்று எழுதிக்கொண்டார்கள். அந்தக் கருவியை அவர்கள் பரீட்சைக்குப் பிறகும் தொடப்போவதில்லை. அந்த ஆசிரியர் கெட்டிக்காரர். ஒரு கணக்கில் சந்தேகம் வந்தால் கேட்க நாற்பது கிலோமீற்றருக்குள் அவருக்கு ஓர் ஆள் இல்லை.

அந்த ஆள் நீங்களாக இருக்கலாம். இதைத்தான் கேட்க வந்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இங்கே வகுப்பு என்றால் ரொறன்ரோவில் வெள்ளி இரவு எட்டரை, அல்லது ஒன்பதரை. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு உட்காரும் நேரம். மெல்பேர்னில் சனி நண்பகல். ஆனால் திரையில் வந்து நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்காதீர்கள். லயத்தில் சிக்னல் இல்லை. கொரோனாக் காலத்தில் பிள்ளைகள் மலையுச்சிக்கு ஏறிப் படித்தார்கள். அப்பாவின் கைபேசி அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். நீங்கள் ஒரு வருடத்தில் களைத்துப்போவீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். ஆசிரியரோடு பேசுங்கள். அந்த வாரத்துப் பாடத்தை அவரோடு முன்கூட்டியே ஒரு மணித்தியாலம் செய்து பாருங்கள். அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், கேட்காததைச் சொல்லவேண்டாம். திங்கட்கிழமை கரும்பலகைக்கு முன் நிற்கப்போகிறவர் அவர்தான். அடுத்த பதினைந்து வருடமும் அவர்தான்.

லீவில் வரும்போது பெட்டியில் சொக்லேட்டுக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் ஒரு வேணியர் இடுக்கி, இரண்டு கல்வனோமானி. அதையும் அதிபரிடம் கேட்டுவிட்டே வாங்குங்கள், ஏற்கெனவே அலுமாரியில் பூட்டிக் கிடக்கவும் கூடும். அலுமாரித் திறப்பு யாரிடம் என்று தேடுவதும் ஒரு தொண்டுதான்.

இங்கே இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அதிபர்மாரே, துறைத்தலைவர்மாரே, வைத்தியசாலைப் பணிப்பாளர்மாரே, வருகிறவரைப் பார்த்து, 'நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள்' என்று கேட்பதை நிறுத்துங்கள். எது வேண்டும், எத்தனை நாளுக்கு, உங்கள் பக்கத்தில் யார் கூட இருந்து கற்கப்போகிறார் என்று மூன்று வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட இருக்க ஆளில்லை என்றால் இந்த வருடம் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். யாரும் கோபிக்கமாட்டார்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

வாசலில் ஒரு கொப்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன். பௌதிகவியல், இரசாயனவியல், இணைந்த கணிதம், உயிரியல், இவற்றில் எதைத் தமிழில் உங்களால் பேச முடியும், எந்த நாட்டு நேரத்தில் இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஐந்து வருடம் ஒரே ஆசிரியரோடு இருக்க முடியும் என்றால் மாத்திரம் எழுதுங்கள். முடியாதவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போகலாம், அதில் குற்றமில்லை. இதை அச்சில் வாசிப்பவர்கள் எனக்கு எழுதவேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டப் பாடசாலை அதிபருக்கு இந்த வாரமே நேரடியாக எழுதிவிடுங்கள்.